ஏரி, ஓடை, சதுப்பு நிலம்: யார் காக்கிறார்கள், எப்படிக் காக்கிறார்கள்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தமிழ்நாட்டில் நீர்நிலைப் பாதுகாப்பின் பெரும்பகுதி நீர்வளத் துறை வசம் உள்ளது. 2021 வரை இது பொதுப்பணித் துறையின் ஒரு பிரிவாக இருந்தது. பல மதகுகளில் இன்றும் பழைய பெயர்ப்பலகைதான் தொங்குகிறது. ஏரி ஒன்றுதான் என்றாலும் அதன் கரை, நிலம், மீன், பறவை, தண்ணீரின் தரம் எல்லாம் வெவ்வேறு துறைகளின் பொறுப்பு. மனு எழுதுபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

எங்கள் ஊர் ஏரி எந்தத் துறையுடையது?

ஆயக்கட்டை, அதாவது ஏரியால் பாசனம் பெறும் நிலப்பரப்பைப் பாருங்கள். 40 எக்டேர், அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்கு மேல் பாயும் ஏரி நீர்வளத் துறையைச் சேர்ந்தது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கும். மாநிலத்தில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகள், கண்மாய்கள் உள்ளன. நீர்வளத் துறையின் கணக்கில் வருபவை 14,000 சொச்சம்தான். மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் இருக்கும் குளங்களில் பல அந்தந்த உள்ளாட்சியின் பொறுப்பு. கோயில் குளம் என்றால் அறநிலையத் துறையைக் கேட்க வேண்டும்.

யாருடைய ஏரியானாலும் நிலப் பதிவேடு வருவாய்த் துறையிடம்தான் இருக்கும். சாக்கடை கலந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பறவையை யாராவது சுட்டால் வனத்துறை. கரை உடைப்பு, மதகு பழுது போன்றவற்றுக்கு அந்தப் பகுதியின் உதவிப் பொறியாளரைப் பிடியுங்கள். அவருக்குக் கீழே களத்தில் இருப்பவர் லஸ்கர். எந்த மதகு எந்த மழைக்குக் கசியும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஏரியின் எல்லை எது? தண்ணீர் நிற்கும் இடம் வரைக்குமா?

இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று சர்வே எல்லை. மற்றொன்று முழு நீர்மட்டம். கலிங்கின் (உபரி நீர் வழியும் கட்டுமானத்தின்) உச்சி எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதுதான் முழு நீர்மட்டம். அந்த மட்டத்தை லெவல் கருவி வைத்துச் சுற்றிலும் கொண்டுபோனால் தண்ணீர் எதுவரை ஏறும் என்பது தெரிந்துவிடும். இந்த இரண்டு கோடுகளும் எல்லா இடத்திலும் ஒன்றின்மேல் ஒன்று விழாது. பட்டா நிலத்துக்குள் தண்ணீர் ஏறும் ஏரிகளும் இருக்கின்றன.

நீங்களே சரிபார்க்க, முதலில் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். வருவாய்த் துறை இணையதளத்தில் ‘அ’ பதிவேட்டை (கிராம நிலங்களின் சர்வே எண்வாரி விவரப் பதிவேடு) எடுத்து வகைப்பாடு என்ன என்று பாருங்கள்: ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், தரிசு, நத்தம். பிறகு அந்த சர்வே எண்ணின் அளவுகளைக் காட்டும் புலப்பட வரைபடத்தை எடுங்கள். பழைய வரைபடங்களில் அளவு லிங்க் கணக்கில் இருக்கும். 1 லிங்க் என்பது 20.1 சென்டிமீட்டர். இன்றைய பதிவேட்டோடு நிறுத்திவிடாமல், பழைய செட்டில்மென்ட் (நிலவரித் திட்ட) பதிவேட்டு நகலையும் கேட்டு வாங்குங்கள். முன்பு ‘ஓடை’ என்றிருந்தது இடையில் ‘தரிசு’ ஆகியிருந்தால், அது எந்த உத்தரவின்பேரில் மாறியது என்பதுதான் உங்கள் மனுவின் மையக் கேள்வி.

ஆக்கிரமிப்பை எப்படி அகற்றுகிறார்கள்? ஏன் இவ்வளவு காலம் ஆகிறது?

இதற்கு இரண்டு சட்டங்கள் உள்ளன. நீர்வளத் துறை ஏரிகளுக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். மற்ற நீர்நிலைப் புறம்போக்குகளுக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம்.

2007 சட்டத்தின்படி முதலில் நில அளவைத் துறை ஏரியை அளக்கும். எல்லையை வரைபடமாகவும் பதிவேடாகவும் தயாரித்து, அறிவிப்பு வெளியிட்டு, எல்லைக்கல் நடுவார்கள். அதன்பிறகே ஆக்கிரமிப்பாளருக்கு அறிவிப்பு. அவர் காலி செய்யாவிட்டால் துறையே அகற்றி, செலவையும் அவரிடம் வசூலிக்கலாம். 1905 சட்டத்தில் வட்டாட்சியர் முதலில் 7-ஆம் பிரிவின்கீழ் விளக்கம் கேட்பார். பதில் திருப்தி தராவிட்டால் 6-ஆம் பிரிவின்கீழ் வெளியேற்ற உத்தரவு வரும்.

வழக்கில் தோற்பது பெரும்பாலும் அளவையில்தான். எல்லைக்கல் நடாமல், அல்லது அறிவிப்பைக் கையில் கொடுக்காமல் சுவரில் ஒட்டிவிட்டு, நேராகப் பொக்லைன் கொண்டுவந்தால் மறுநாளே தடையுத்தரவு வரும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஏரியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசத் தேவையில்லை. அறிவிப்பு முறையாகச் சேர்க்கப்படவில்லை என்று காட்டினாலே போதும். ஆகவே மனுவில் ‘உடனே இடியுங்கள்’ என்று எழுதுவதைவிட, அளவை முடிந்ததா, எந்தத் தேதியில் அறிவிப்பு சார்பு செய்யப்பட்டது (உரியவரிடம் முறையாகச் சேர்க்கப்பட்டது) என்று கேட்பது வேலையை நகர்த்தும்.

வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் இருக்கின்றன. பட்டா கிடைக்குமா?

கிடைக்காது. நீர்நிலைப் புறம்போக்கு ‘ஆட்சேபகரமான’ வகை. வீட்டுமனையாக ஒப்படைக்க முடியாது. வரி ரசீது வரி கட்டியதற்கு மட்டுமே சான்று. நகரங்களில் குடியிருப்பவர்களுக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் மாற்று வீடு கேட்கலாம். அந்தப் பட்டியலில் பெயர் சேர்க்கக் கணக்கெடுப்பின்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

ஏரியைத் தூர்வாரினார்கள், நல்ல மழையும் பெய்தது. ஆனாலும் நிரம்பவில்லை. ஏன்?

வரத்துக் கால்வாயைப் போய்ப் பாருங்கள். ஏரி சாவது அங்கிருந்துதான் தொடங்குகிறது. கரைக்கும் நீர்ப்பரப்புக்கும் கேட்க ஆள் உண்டு. வயல்களுக்கும் மனைகளுக்கும் நடுவே போகும் மூன்று மீட்டர் அகல ஓடைக்கு யாரும் இல்லை. நம் பாதுகாப்பு முறையின் பெரிய ஓட்டை இதுதான்.

பெரும்பாலான ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரியின் உபரி கீழ் ஏரிக்கு வரத்து. நடுவில் ஓரிடம் அடைபட்டால், கீழே இருக்கும் அத்தனை ஏரிகளும் பட்டினி, மேலே இருக்கும் தெருக்களில் வெள்ளம். அடைப்பு எப்போதும் கட்டடமாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சாலை போடும்போது வைக்கும் சிறுபாலமே பலமுறை குற்றவாளி. மூன்று மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் கொண்ட ஓடைக்கு 3 சதுர மீட்டர் வெட்டுப்பரப்பு. அங்கே 600 மில்லிமீட்டர் குழாய் ஒன்றைப் புதைத்தால் கிடைப்பது 0.28 சதுர மீட்டர். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இன்னொரு தவறு, பாலத்தின் அடித்தளத்தை ஓடையின் தரைமட்டத்தைவிட உயர்த்தி வைப்பது. அந்த உயரத்துக்குத் தண்ணீர் தேங்கிய பிறகே வழியும். அதற்குள் மழை நின்றுவிடும்.

ஊரில் நாலு பேர் சேர்ந்து செய்யக்கூடிய நல்ல வேலை ஒன்று உண்டு. மழைக்காலத்துக்கு முன் கால்வாயின் தலைப்பிலிருந்து ஏரி வரை நடந்து, ஒவ்வொரு குறுக்குக் கட்டுமானத்தின் அகலம், உயரம், அடிமட்டம், சர்வே எண் ஆகியவற்றைக் குறித்து, படத்தோடு செயற்பொறியாளரிடம் கொடுப்பது. ‘கால்வாய் அடைபட்டுள்ளது’ என்ற ஒற்றை வரி மனுவைவிட இந்தப் பட்டியலுக்கு மதிப்பு அதிகம்.

வண்டல் மண் இலவசமாக எடுக்கலாமா? எவ்வளவு?

எடுக்கலாம். அனுமதிக்கப்பட்ட ஏரிகளில் விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கட்டணம் இல்லை. 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார்; இணையவழியில் விண்ணப்பிக்கலாம். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90 கனமீட்டர், மண்பாண்டத்துக்கு 60 கனமீட்டர்.

75 கனமீட்டரை ஒரு ஏக்கரில் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவான படலம்தான் வரும். வயலுக்கு அது போதும். அதற்கு மேல் போனால் அது உரமாக இருக்காது, மனைக்கு நிரவும் மண். அளவுக்கு வரம்பு வைத்த காரணம் இதுதான். ‘வண்டல்’ என்ற பெயரில் லாரி லாரியாகச் செம்மண்ணோ கிராவலோ போனால் அது கனிமத் திருட்டு. படம், வண்டி எண், நேரம் ஆகியவற்றோடு வட்டாட்சியருக்கும் கனிமவளத் துறைக்கும் புகார் தரலாம்.

ஆழமாகத் தோண்டத் தோண்ட நல்லதுதானே?

இல்லை. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் வாய்க்காலில் ஏறாது. நிலத்தடி ஊறலுக்கும் மீனுக்கும் உதவலாம், பாசனத்துக்கு ஒரு சொட்டும் கூடுதலாகக் கிடைக்காது. கரையை ஒட்டித் தோண்டுவது அதைவிட ஆபத்து. ஏரியின் அடியில் பல காலமாகப் படிந்த களிமண் படலம் தண்ணீர் கரைக்கு அடியில் புகாமல் தடுக்கிறது. அதை வெட்டி மணலைத் திறந்துவிட்டால், ஏரி நிரம்பும்போது கரைக்கு வெளியே ஊற்றுக் கிளம்பும்.

ஓரங்களைச் செங்குத்தாக வெட்டி ஏரியைக் கிண்ணம்போல் ஆக்குவதும் தவறு. நாரை, கொக்கு, உள்ளான் எல்லாம் இரை தேடுவது முழங்காலுக்கும் கீழான ஆழத்தில். மெல்லச் சரியும் ஓரம் போய்விட்டால் தண்ணீர் இருந்தும் பறவை வராது.

கரையில் கசிவு தெரிகிறது. என்ன செய்ய வேண்டும்?

முதலில் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். தெளிவாக, ஒரே அளவில் கசிந்தால் கண்காணித்தால் போதும். கலங்கி, மண்ணை வாரிக்கொண்டு வந்தால் கரைக்குள் ஓட்டை வளர்கிறது என்று பொருள். அப்போது மணிக்கணக்கில்கூட நேரம் இருக்காது. உதவிப் பொறியாளருக்கும் வட்டாட்சியருக்கும் உடனே சொல்லிவிட்டுக் கீழ்ப்பக்க வீடுகளை எச்சரிக்க வேண்டும்.

பதற்றத்தில் எல்லோரும் செய்வது, தண்ணீர் வெளியேறும் வாயில் களிமண்ணை அடைப்பது. அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடிப் பக்கத்தில் வேறோர் இடத்தில் பீறிடும். சரியான முறை, ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி உள்ளே தண்ணீர் மட்டத்தை உயரவிடுவது. மட்டம் உயர உயர ஊற்றின் வேகம் குறையும், மண் வருவது நிற்கும். வட்டத்துக்குள் முதலில் மணல், அதன்மேல் பொடிஜல்லி என்று போட்டால் தண்ணீர் மட்டும் வெளியே வரும்.

கசிவு தொடங்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்: மதகுச் சுவரும் மண்கரையும் சேரும் மூலை, எலி வளை, நண்டு வளை, வெட்டிய மரத்தின் வேர் மட்கிப் போன பொந்து. அதனால்தான் கரைமேல் மரம் நடக்கூடாது என்கிறார்கள்.

கலிங்கை அரை அடி உயர்த்தினால் கூடுதல் தண்ணீர் நிற்குமே?

நிற்கும், கரை தாங்கினால். கலிங்கு உச்சிக்கும் கரை உச்சிக்கும் உள்ள இடைவெளி பெருவெள்ளம் வழிவதற்காக விடப்பட்டது. மண்கரைக்கு மேலே தண்ணீர் வழியத் தொடங்கினால் கரை அரித்துக்கொண்டு போய்விடும். கலிங்குக் கற்களுக்கு இடையே பலகை வைத்து மண் அடைக்கும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. அதை மழைக்கால முடிவில், துறைக்குச் சொல்லிவிட்டுச் செய்வதே முறை. இதற்கு நேர்மாறான கூத்தும் நடக்கிறது: நீர்ப்பரப்புக்குள் பயிர் வைத்தவர்கள் இரவில் கலிங்கை உடைத்து மட்டத்தைக் குறைப்பார்கள். துறைக்குச் சொல்லாமல் அடைப்பது, உடைப்பது இரண்டுமே குற்றம்.

கோடையில் தண்ணீர் இல்லை என்கிறார்கள், மழைக்காலத்தில் நிறையும் முன்பே திறந்துவிடுகிறார்களே?

செம்பரம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. ஏரியில் இன்னும் 500 மில்லியன் கனஅடிக்குத்தான் இடம் இருக்கிறது, விநாடிக்கு 12,000 கனஅடி வருகிறது என்று வைத்துக்கொண்டால் 12 மணி நேரத்துக்குள் அந்த இடம் தீர்ந்துவிடும். அதன்பிறகு வருவதை அப்படியே அடையாற்றில் விடுவதைத் தவிர வழி இல்லை. முன்கூட்டிச் சிறிது சிறிதாகத் திறந்தால் ஆறு தாங்கும். எப்போது, எவ்வளவு என்று விவாதிக்கலாம். திறக்கவே கூடாது என்பது பொறியியல் ஆகாது.

ஏரியில் மீன்கள் செத்து மிதக்கின்றன. யாரிடம் சொல்வது?

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம், அன்றைக்கே. கழிவு ஓடிப்போய்விட்டால் சான்றும் போய்விடும்.

பெரும்பாலும் காரணம் ஆக்சிஜன் பற்றாக்குறை. மீன் வளத்துக்குத் தண்ணீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜனாவது வேண்டும் என்பது மத்திய வாரியத்தின் அளவுகோல். பாசி பகலில் ஆக்சிஜனை விடும், இரவில் எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மட்டம் அடிமட்டத்தைத் தொடும். மீன் சாவதும் அப்போதுதான். அதிகாரி மதியம் இரண்டு மணிக்கு வந்து மாதிரி எடுத்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். விடியலில் எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

நீங்களே மாதிரி எடுப்பதானால், அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, பனிக்கட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேருங்கள். கரைந்த ஆக்சிஜனை மட்டும் இப்படி எடுத்துச்சென்று பார்க்க முடியாது. அந்த இடத்திலேயே கருவியால் அளக்க வேண்டும், அல்லது ரசாயனம் சேர்த்து நிலைநிறுத்த வேண்டும். உங்கள் ஆய்வு முடிவு வாரியத்தை அசைக்க உதவும். வழக்குக்குச் செல்லுபடியாவது 1974 நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி எடுத்த மாதிரிதான்: ஆலைக்கு அறிவிப்புக் கொடுத்து, ஆலைத்தரப்பு முன்னிலையில் இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இருதரப்பும் கையெழுத்திட வேண்டும். இந்தச் சடங்கில் ஒன்று தவறினாலும் முடிவு நீதிமன்றத்தில் நிற்காது.

ஆலைக் கழிவுநீர் எந்தத் தரத்தில் இருக்க வேண்டும்?

ஆறு, ஏரியில் விடுவதற்கான பொதுத் தரம் லிட்டருக்கு: பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) 30 மில்லிகிராம், சி.ஓ.டி. (ரசாயன முறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250, மிதக்கும் திடப்பொருள் 100, எண்ணெய்ப் பிசுக்கு 10. அமில காரத்தன்மை 5.5 முதல் 9 வரை. சில தொழில்களுக்குத் தனித் தரங்களும் உண்டு. தமிழ்நாட்டில் கரைந்த உப்புக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பும் இருக்கிறது.

சாயத் தொழிலில் மாட்டிக்கொள்வது இந்தக் கடைசி எண்ணில்தான். நுண்ணுயிரிகளை வைத்துச் செய்யும் சுத்திகரிப்பு கரிமக் கழிவைத் தின்னும், உப்பைத் தொடாது. நொய்யல் ஆறு கெட்டது அப்படித்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டபின், கழிவே வெளியேறாத முறை கண்டிப்போடு நடைமுறைக்கு வந்தது. சவ்வு வழியாக நீரை மீட்டு, மிச்சத்தைக் காய்ச்சி வற்றவைப்பார்கள். கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை எங்கே போடுவது என்ற கேள்வி மட்டும் ஆலை வளாகத்திலேயே மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது.

ஆகாயத்தாமரையை ஒவ்வோர் ஆண்டும் அள்ளுகிறார்கள். மறுபடி வருகிறதே?

அதன் தீனி சாக்கடை. நைட்ரஜனும் பாஸ்பரசும் வரும்வரை செடியும் வரும். சூழல் ஒத்துவந்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அள்ளியதைக் கரையிலேயே குவித்தால் அழுகிச் சத்து மீண்டும் தண்ணீருக்குள் இறங்கும். சாக்கடையை நிறுத்தாமல் அள்ளுவது ஒப்பந்ததாரருக்கு மட்டும் நல்லது.

ராம்சார் பட்டியலில் சேர்ந்தால் என்ன பாதுகாப்பு கூடுகிறது?

ராம்சார் என்பது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பன்னாட்டுப் பட்டியல். தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி நிலவரப்படி 20 ராம்சார் இடங்கள் இருந்தன. கோடியக்கரை 2002-இல் முதலாவதாகச் சேர்ந்தது. பள்ளிக்கரணை 2022-இல், 1,247 எக்டேர் பரப்போடு.

2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகளின்படி நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவது, ஆலை அமைப்பது, குப்பை கொட்டுவது, சுத்திகரிக்காத கழிவு விடுவது, வேட்டை ஆகியவற்றுக்குத் தடை. கடந்த பத்து ஆண்டுகளின் சராசரி உச்ச வெள்ளமட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டடம் கூடாது. ஆனால் ஈரநிலம் என்பதன் வரையறையில் ஒரு சிக்கல் உள்ளது. பாசனத்துக்காகவோ குடிநீருக்காகவோ மனிதர் கட்டிய நீர்நிலைகளை இந்த விதி ஈரநிலமாகக் கணக்கில் எடுப்பதில்லை. நம் ஏரிகளில் பெரும்பாலானவை பாசனத்துக்காகக் கட்டியவை. ஆகவே ‘ஈரநிலம்’ என்று மனு போட்டால் ‘பொருந்தாது’ என்று பதில் வரலாம். ராம்சார் இடமாக இருந்தால் அது தனி. மற்ற ஏரிகளுக்கு 2007 சட்டத்தையே பிடியுங்கள்.

ஏரிக்குள் இருக்கும் மரங்களை வெட்டலாமா?

சீமைக் கருவேலம் அகற்றலாம், வேரோடு. நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் கூழைக்கடா, நாரைகள் கூடு கட்டும் மரங்கள். சீமைக் கருவேலத்திலேயே கூடு இருந்தால் குஞ்சு பறக்கும்வரை பொறுக்க வேண்டும். மரங்களை ஒரேயடியாக வழித்துவிடாமல், மாற்று மரம் வளர வளரப் பகுதி பகுதியாக எடுப்பதே நல்லது.

அலையாத்திக் கன்று நட்டால் ஏன் பட்டுப்போகிறது?

நட்ட இடத்தில் கடல்நீர் ஏறி இறங்கவில்லை என்றால் எதை நட்டாலும் பட்டுப்போகும். பிச்சாவரத்தில் முற்காலத்தில் மரங்களை மொத்தமாக வெட்டியதால் தரை காய்ந்து தாழ்ந்து, தேங்கிய நீர் ஆவியாகி உப்பு ஏறிப்போனது. அங்கே பலன் தந்தது மீன்முள் வடிவக் கால்வாய் முறை. நடுவில் ஒரு முதன்மைக் கால்வாய், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். ஓதம் (கடலின் ஏற்றவற்ற நீர்) வந்துபோக வழி கிடைத்ததும் உப்பு குறைந்தது. அதன்பிறகே கன்று நட்டார்கள்.

நிலத்தடி நீருக்கு என்ன கட்டுப்பாடு?

குறுவட்டம் (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பகுதி) வாரியாக மதிப்பிடுகிறார்கள். ஆண்டுக்கு எடுக்கத்தக்க நீரில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பானது, 100-ஐத் தாண்டினால் மிகை நுகர்வு. ஆலைகளும் பெரிய கட்டடங்களும் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று பெற வேண்டும். கடலோரத்தில் கூடுதல் கவனம் வேண்டும்: நன்னீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால், அடியில் உப்புநீர் எல்லை கோட்பாட்டளவில் 40 மீட்டர் மேலேறும். மீஞ்சூர்ப் பகுதிக் கிணறுகள் உவர்த்துப்போனதற்கு அளவுமீறி உறிஞ்சியதே காரணம்.

மனு கொடுத்தும் பதில் இல்லை. அடுத்து?

திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து எண் வாங்குங்கள், முதல்வர் உதவி மைய எண் 1100-இலும் பதியலாம். பிறகு 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்’ என்று கேட்டால் ‘பரிசீலனையில்’ என்று வரும். ஆவணமாகக் கேளுங்கள்: ஏரியின் அளவை வரைபட நகல், முழு நீர்மட்ட அளவு, ஆக்கிரமிப்புப் பட்டியல், அறிவிப்பு சார்பு செய்த தேதி.

பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பொதுவான சுற்றுச்சூழல் தாவாவுக்குப் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், இழப்பீட்டுக்கும் மீட்டமைப்புக்கும் 5 ஆண்டு. துறை பதில் தரட்டும் என்று காத்திருந்தால் முதல் கெடு ஓடிவிடும். மனுவும் தகவல் கேட்பும் நடந்துகொண்டிருக்கும்போதே வழக்குக் கோப்பையும் தயார் செய்யுங்கள்.